ஒரு குரல், ஒரு கிதார்

நோயுற்றவரின் படுக்கையருகே அமர்ந்து, பேச வேண்டியவற்றையெல்லாம் பேசி முடித்தபின் ஒரு மௌனம் சூழ்ந்துகொள்ளும். அப்போது என்ன செய்வது என்று உறவினர் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. ஒரு பாடகரின் கதையை அதற்கு விடையாகச் சொல்ல விரும்புகிறோம்.

தியோடர் பிகெல் 1924இல் வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1938இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது அவருக்கு வயது 13. அக்குடும்பம் பாலஸ்தீனத்தில் அடைக்கலம் தேடியது. பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் வழிபாட்டிலும் கல்வியிலுமே வாழ்ந்த எபிரேயம் அங்கே மீண்டும் அன்றாடப் பேச்சுமொழியாகியிருந்தது. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் தத்தம் ஊர் மெட்டுகளுக்கு எபிரேயச் சொற்களை இசைத்துப் பாடினர். அப்பாடல்களோடு வளர்ந்த பிகெல் பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றார். 1955இல் இஸ்ரேலிய நாட்டுப்பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டார். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளின் நாட்டுப்பாடல்களைக் கிதார் ஒன்றையே துணையாகக் கொண்டு மேடைகளில் பாடினார்.

இத்தகைய தனிக் கச்சேரி எளிதன்று. நம் கச்சேரிகளில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் பாடகருக்குச் சிறிது ஓய்வளிக்கும்; இங்கே அதுவும் இல்லை. ஆகவே பாடல்களை அடுக்கும் வரிசையே பாடகரின் மூச்சைக் காக்கிறது. துள்ளலான ஆடற்பாடலை அடுத்து ஒரு தாலாட்டு வரும். அவையோரில் பெரும்பாலோர்க்கு எபிரேயம் தெரியாது. எனவே பாடுமுன் அது யாருடைய பாட்டு, எப்போது பாடுவது என்பதைப் பாடகர் சில சொற்களில் சொல்லிவிடுவார். குரலும் இளைப்பாறும், கேட்போர் மனமும் பாட்டுக்கு ஆயத்தமாகும்.

1959இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசைநாடகத்தில் பிகெல் கதைத்தலைவராக நடித்தார். அவருடைய கிதாரையும் நாட்டுப்பாடல் திறத்தையும் கருதியே ‘எடெல்வைஸ்’ என்னும் பாடல் பிற்பாடு சேர்க்கப்பட்டது. அதை எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் அதற்குச் சற்று முன்னர்தான் வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றிருந்தார். அதுவே அவர் எழுதிய கடைசிப் பாடல். 1960 ஆகஸ்டில் அவர் மறைந்தார். மலைப்பூ ஒன்றைப் பாடும் அந்தச் சிறிய பாடலை ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல் என்றே இன்றும் பலர் எண்ணுகின்றனர். நாட்டைப் பிரியும் ஆஸ்திரியரின் துயரைச் சொல்லும் அப்பாட்டை, அந்நாட்டை இழந்த ஒருவரே முதன்முதலாக மேடையில் பாடினார்.

படுக்கையருகே பாடுவதற்கு மேடைப் பயிற்சி வேண்டுவதில்லை. நோயாளி இளமையில் விரும்பிய பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். “இது பாட்டி நாற்று நடும்போது பாடியது” என்பதுபோல் முதலில் ஒரு சொல் சொல்லுங்கள். பின்னர் பக்கத்துப் படுக்கைக்கு இடையூறின்றி மெல்லப் பாடுங்கள். அவர் களைத்தால் நிறுத்திவிடுங்கள். ஐயமிருந்தால் செவிலியரிடம் கேளுங்கள். பக்கவாதத்தால் பேச்சிழந்தோருள் சிலர், பேச இயலாத நிலையிலும் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடுவதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

அவர் உடன் பாடாவிட்டாலும் வருந்த வேண்டா. பிகெலின் அவையிலும் பலர் மொழி அறியாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தனர்.