திறந்து பார்த்துவிட்டோமே, இனி?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பருவம் வந்தால் போதும், தலைநகர்வாழ் அன்பர்களின் மின்னஞ்சல் பெட்டிக்கு அழையா விருந்தாளி ஒருவர் வந்து சேர்கிறார். "தங்களுக்கு வரிப்பணம் திரும்ப வரவிருக்கிறது, கீழே உள்ள இணைப்பை அழுத்தி வங்கிக் கணக்கை உறுதி செய்க" என்பது வாசகம். தலைப்பில் அசோகச் சின்னம் வேறு! நாற்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அந்தச் சின்னத்தைக் கண்டால் கை தானாகக் கடிதத்தைப் பிரித்துவிடும்.

பிரித்ததனால் மட்டும் குடி முழுகிவிடாது. கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்திருப்பார்கள். அது திரையில் விரியும்போது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்ற சேதி அனுப்பியவனுக்குப் போகலாம். விளைவு, இன்னும் நாலு குப்பைக் கடிதம். "இனி அனுப்ப வேண்டாம்" என்று அடியில் இருக்கும் பொத்தானையும் தொடாமல், ஸ்பாம் என்று குறித்து ஒதுக்கிவிடலாம்.

வினை அடுத்த அடியில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் "ஐ லவ் யூ" என்ற தலைப்போடு உலகெங்கும் கணிப்பொறிகளைப் பீடித்த வைரஸ் நினைவிருக்கலாம். அதுவும், கடிதத்தோடு வந்த இணைப்புக் கோப்பைத் திறந்தவர்களைத்தான் பிடித்தது. அப்படி ஒரு கோப்பைத் திறந்துவிட்டால் உடனே இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளால் கணிப்பொறியை முழுவதும் சோதிக்கும்வரை அதில் வங்கிப் பக்கம் போக வேண்டாம். கைப்பேசியில் ஏதேனும் செயலியை நிறுவச் செய்திருந்தால் ஆபத்து அதிகம். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி.யை அந்தச் செயலியே படித்து எஜமானனுக்கு அனுப்பிவிடக் கூடும்.

இணைப்பை அழுத்தி, பாஸ்வேர்டையும் கொடுத்தாயிற்றா? வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். வங்கி முதல் ரயில் டிக்கெட் வரை எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி அந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. மாற்றியதோடு நில்லாமல், உங்கள் கடிதங்கள் அறியாத முகவரி எதற்காவது திருப்பிவிடப்படுகின்றனவா என்று அமைப்புகளில் பாருங்கள். திருடர்கள் விட்டுச்செல்லும் கொல்லைப்புற வாசல் அது.

கார்டு எண், ஓ.டி.பி. வரை போய்விட்டால் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள்; அங்கும் போலி எண்கள் காத்திருக்கின்றன. கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணே சரி. அடுத்து 1930. இது மத்திய உள்துறையின் சைபர் குற்ற உதவி எண். தகவல், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு எட்டினால், அது வேறு கணக்குக்குத் தாவுமுன் முடக்க வழியுண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியும் இதையொட்டியதே. வாடிக்கையாளர் தாமே ரகசியத்தைக் கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. சொன்ன பிறகு ஏற்படுவது வங்கியுடையது.

ஆனால் நம்மவர்கள் பலர் அந்த முதல் மணி நேரத்தை வெட்கத்தில் கழிக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்தால் "இதுகூடத் தெரியாதா அப்பா?" என்பானே என்று இரவெல்லாம் விழித்திருந்து, மறுநாள் பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. அதற்குள் வைப்புத் தொகையையும் முறித்து எடுத்திருப்பார்கள். பிள்ளையிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். 1930இல் பேசுகிறவர் யாரும் உங்களைக் கேலி செய்யப்போவதில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. ஆத்திரத்தில் அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். அது எங்கிருந்து கிளம்பிற்று என்ற தடயம் அதன் தலைப்புக் குறிப்புகளில் இருக்கிறது. புகார் எழுதும்போது அதையும், பணம் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றையும் கேட்பார்கள்.