வைரத்தைப் பிடித்திருப்பது எது?

கல்லைக் கவ்வும் நகங்கள் இல்லை, சுற்றி வளைக்கும் கூடும் இல்லை. வட்டமான ஒரு தங்கப் பட்டை, அதில் ஓரிடத்தில் வெட்டு, அந்த வெட்டுக்குள் ஒரு வைரம். ஜெர்மனியின் ஃப்ரேடன் ஊரைச் சேர்ந்த நீசிங் நிறுவனம் 1970களின் இறுதியில் கொண்டுவந்த ‘ஷ்பான்ரிங்’ மோதிரம் இப்படித்தான் இருக்கும். கல் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. உண்மையில், பட்டையின் இரு முனைகளும் அதை இடைவிடாமல் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. முனைகளில் வெட்டிய நுண்ணிய பள்ளங்களில் வைரத்தின் விளிம்பு பொருந்தியிருக்கிறது. மோதிரம் முழுவதுமே ஒரு வில்.

தங்கம் மென்மையானது ஆயிற்றே, அது எப்படி வில்லாகும்?

உலோகத்துக்குள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் பிசகே இல்லையென்றால், தூய உலோகம் இப்போது இருப்பதைவிடப் பல நூறு மடங்கு வலுவாக இருக்க வேண்டும். ஏன் இல்லை என்பதற்கு 1934இல் ஜி.ஐ. டெய்லர், எகான் ஒரோவான், மைக்கேல் போலானி மூவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டார்கள். அடுக்கில் ஆங்காங்கே வரிசைப் பிசகுகள் இருக்கின்றன. பெரிய ஜமுக்காளத்தை முழுதாக இழுப்பது கடினம். அதில் ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதாக நகரும். பிசகுகளும் அப்படித்தான் நகர்கின்றன, உலோகம் வளைகிறது. சுத்தியலால் அடிக்க அடிக்கப் பிசகுகள் பெருகுகின்றன. பெருகியவை ஒன்றையொன்று வழிமறித்துச் சிக்கிக்கொள்ள, உலோகம் இறுகுகிறது.

இந்த இறுக்கத்தை ஆசாரிகள் கையாலேயே அறிவார்கள். அதற்கு மேலும் அடித்தால் தகடு வெடிக்கும். ஆகவே நெருப்பில் காட்டுவார்கள். 92.5 சதவீத வெள்ளியும் மீதம் செம்பும் கலந்த ஸ்டெர்லிங் வெள்ளி, சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் மங்கிய சிவப்பாக ஒளிரும்போது உள்ளே புதிய படிகங்கள் வளர்ந்து, சிக்கல் கலைந்து, பழையபடி இளகும்.

வில்லாக நிற்க வேண்டிய நகையிலோ இறுக்கம்தான் வேண்டும். எனவே நெருப்பு வேலைகளை முன்னதாக முடித்துவிட்டு, கடைசியில் குளிர்ந்த உலோகத்தை அடித்தோ நெருக்கியோ இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கல் நிற்காது.

மோதிரத்தையே வில்லாக்குவது இயந்திரச் சிந்தனை. நகையில் இயந்திர வடிவத்தின் மீதான மோகம் பழையது. முதல் உலகப் போரின்போது விமான எஞ்சின் பாகங்களை வரைந்த பிரெஞ்சுக்காரர் ழான் டெப்ரே, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராங்க் ஷாஃப்டை நினைவூட்டும் மோதிரங்களைச் செய்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1934இல் பால் பேரிங்கையே கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தது.

ஆனால் இத்தகைய எளிய வடிவம் எளிய வேலையல்ல. நகாசு நிறைந்த நகையில் சிறு குறை பூவுக்குள்ளும் கொடிக்குள்ளும் மறைந்துவிடும். கண்ணாடிபோல் மெருகேற்றிய தட்டையான பரப்பு எதையும் மறைக்காது; பரப்பு ஒரு பாகை சாய்ந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு பாகை விலகும். ஜன்னல் சட்டத்தின் பிம்பம் அதில் நெளிந்தால், அரம் தவறிய இடம் அதுதான். வெள்ளி நகையில் இன்னொரு தொல்லை, அதில் கலந்த செம்பால் வருகிறது. சூடாக்கும்போது ஆக்சிஜன் வெள்ளிக்குள் புகுந்து செம்பை ஆக்சைடாக்குகிறது. மெருகு போட்ட பிறகு சாம்பலும் ஊதாவுமாய் ஒரு கறை எழும். அதைத் தடுக்க வெங்காரம் போன்றவற்றைப் பூசிக் காற்றை விலக்குகிறார்கள். அப்படியும் வந்துவிட்டால், பரப்பை அராவி எடுக்க வேண்டும்.

பழைய கடிகாரப் பற்சக்கரங்களை ஒட்டிய பதக்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. சுழலாத சக்கரம் இயந்திரத்தின் படம் மட்டுமே. பொறியியல் படித்துவிட்டுப் பொற்கொல்லரான ஃப்ரீட்ரிஷ் பெக்கர், 1960கள் தொடங்கி டுசெல்டார்ஃபில் செய்த மோதிரங்களில், அணிபவரின் கை அசைவுக்கேற்ப பாகங்கள் சுழலும். நெருக்கியே வைரத்தை நிறுத்தும் அந்தத் தங்கப் பட்டையும் அந்த வகையில்தான் சேரும்: இரண்டும் வேலை செய்கின்றன.

அதனாலேயே ஷ்பான்ரிங்கை அளவு மாற்ற அக்கம்பக்கத்துப் பட்டறையில் கொடுக்கக் கூடாது. ஊதுகுழலின் நெருப்புப் பட்டால் பிசகுகளின் சிக்கல் அவிழ்ந்து, பட்டை இளகி, வைரம் கழன்றுவிடும்.