23 நாளில் வந்தவர்கள் 3 மாதம் தவித்தார்கள்!

போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். 1497-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி அங்கிருந்து 4 கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் சுமார் 170 பேர் இருந்தார்கள். அவர்களின் தலைவர், வாஸ்கோடகாமா.

எதற்காக இந்தப் பயணம்? மிளகுக்காக!

இந்தியாவில் விளைந்த மிளகு, எகிப்து, வெனிஸ் என்று பல கை மாறித்தான் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கை மாறும்போதெல்லாம் விலை ஏறியது. கடல் வழியே நேராகப் போய் மிளகு வாங்கினால், லாபம் முழுவதும் தமக்கே என்று போர்ச்சுக்கல் மன்னர் மானுவல் கணக்குப் போட்டார்.

தள்ளிவிட்ட காற்று

ஆப்பிரிக்காவின் தென்முனையைக் கப்பல்கள் சுற்றி வந்தன. வழியில் சரக்குக் கப்பலைப் பிரித்துவிட்டார்கள். மீதி 3 கப்பல்களும் கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலிந்தி துறைமுகத்தை அடைந்தன. அந்த ஊர் மன்னர், இந்தியாவுக்கு வழி தெரிந்த ஒரு மாலுமியைத் துணைக்கு அனுப்பினார்.

1498 ஏப்ரல் 24-ந் தேதி பாய் விரித்தார்கள். காற்று பின்னால் இருந்து தள்ளியது. 23 நாளில் மலையாளக் கரை கண்ணில் பட்டது! மே 20-ந் தேதி கோழிக்கோடு அருகே நங்கூரம் போட்டார்கள்.

கோழிக்கோட்டை ஆண்டவர் சாமூதிரி மன்னர். அவருக்காகக் காமா எடுத்து வைத்த பரிசு என்ன தெரியுமா? துணி, தொப்பி, எண்ணெய், தேன்! அரண்மனை அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். பிறகு, சுங்க வரி பற்றியும் தகராறு வந்தது. ஆகஸ்டு 29-ந் தேதி காமா புறப்பட்டுவிட்டார்.

எதிர்த்து நின்ற காற்று

அரபிக்கடல் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. கோடையின் கடைசியில் அது இந்தியாவை நோக்கி வீசத் தொடங்கும். நவம்பர் வாக்கில் திசை மாறி, ஆப்பிரிக்காவை நோக்கி வீசும். அரபு, குஜராத்தி வணிகர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள்.

காமா காத்திருக்கவில்லை. அக்டோபர் 5-ந் தேதி, கார்வார் அருகே உள்ள அஞ்சதீவில் இருந்து நடுக்கடலுக்குப் போனார். எதிர்க்காற்று அடித்தது. அது ஓய்ந்தால், பாய் தொங்கியது. கப்பல் நகரவில்லை.

மாலுமிகளுக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடியது. சாப்பிட முடியவில்லை. காலும் வீங்கியது. இது, 'ஸ்கர்வி' என்னும் நோய். பல வாரம் பழமும் காய்கறியும் இல்லாவிட்டால், 'சி' வைட்டமின் குறைந்து இந்த நோய் வரும். 30 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத் தெம்பு உள்ளவர்கள் ஏழெட்டுப் பேரே!

1499 ஜனவரி 2-ந் தேதிதான் ஆப்பிரிக்கக் கரை தெரிந்தது. 23 நாளில் வந்த கடலைக் கடக்க, ஏறக்குறைய 3 மாதம்! மாலிந்தியில் நோயாளிகளுக்காக ஆரஞ்சுப் பழம் தேடி ஆள் அனுப்பினார்கள்.

கப்பலுக்குத் தீ

3 கப்பல்களை ஓட்ட ஆள் இல்லை. ஆகவே, 'சான் ரஃபேல்' என்ற கப்பலுக்கு அவர்களே தீ வைத்தார்கள். அந்தக் கப்பலின் தலைவராக வந்த காமாவின் அண்ணன் பவுலோவும் ஊர் போய்ச் சேரவில்லை. வழியிலேயே இறந்தார். புறப்பட்டவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை.

அதன்பின் போர்ச்சுக்கீசியர் காற்றின் கணக்கைக் கற்றுக்கொண்டார்கள். மார்ச், ஏப்ரலில் லிஸ்பனை விட்டுக் கிளம்புவார்கள். டிசம்பர், ஜனவரியில் இந்தியாவில் இருந்து திரும்புவார்கள்.

பீரங்கியைக் காட்டிப் பல துறைமுகங்களைப் பிடித்தவர்கள் அவர்கள். ஆனால், காற்றுக்காக மட்டும் காத்து நிற்கத்தான் வேண்டியிருந்தது!