நான் கேட்க மறந்த கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து ஹவ்ழடியில் நின்றபோது ஒரு சகோதரர் வந்து ஸலாம் சொன்னார். "மௌலவி, பிள்ளை பெறாமலிருக்கக் குளிகை குடிப்பது ஹராம்தானே?" என்று கேட்டார். வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைத் தடுப்பது முஸ்லிமுக்கு அழகல்ல என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள், மனைவியின் உடல்நிலை என்ன, அவள் என்ன சொல்கிறாள் என்று எதையும் நான் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் சென்றிருக்கும். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவமாது வீட்டுக்கு வந்தார். பெயரோ இடமோ சொல்லாமல் ஒரு பெண்ணின் நிலையைச் சொன்னார். நான்கு பிள்ளைகளின் தாய். கடைசிப் பிள்ளை இன்னும் பால்குடி. உடம்பில் இரத்தம் குறைவு. கிளினிக்கில் கொடுத்த குளிகையை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கணவன் அதைக் கண்டுவிட்டான். "மௌலவியே ஹராம் என்று சொல்லிவிட்டார்" எனச் சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறான். பிறகு அவள் கர்ப்பமானாள். நான்காம் மாதத்தில் வயிற்றில் விழுந்த உதையோடு அந்தக் கருவும் அழிந்துபோனது. படியில் தவறி விழுந்ததாகத்தான் வைத்தியசாலையில் சொன்னாளாம்.

"குத்பாவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மௌலவி" என்று கேட்கவே அவர் வந்திருந்தார். அந்த மௌலவி யார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு விளங்கிவிட்டது. அக்குடும்பம் இப்போது எங்கள் ஊரில் இல்லை. அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.

அடி எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது?

கணவன் அடித்தான் என்றால் கன்னத்தில் தெரியும் காயத்தை மட்டுமே நாம் நினைக்கிறோம். கர்ப்பிணியின் வயிற்றில் விழும் அடியால், குழந்தைக்கு உணவும் மூச்சும் கொண்டு செல்லும் சூல்வித்தகம் காலத்துக்கு முன்பே கருப்பைச் சுவரிலிருந்து கழன்றுவிடலாம். அப்போது ஏற்படும் இரத்தப்பெருக்கு தாய், பிள்ளை இருவரின் உயிருக்கும் ஆபத்தானது. மாதம் நிறையாமல் பிரசவம் நேரலாம். கட்டாயப்படுத்திக் கொள்ளும் உறவால் உள்ளுறுப்புகளில் காயமும், கணவனிடமிருந்து பாலியல் நோய்களும் தொற்றலாம். அடி வாங்கும் பெண் காயத்தை மறைப்பதற்காகக் கிளினிக்குக்குப் போகாமல் விடுகிறாள். பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விட வழியின்றி அடுத்தடுத்துச் சுமப்பதால் அவளது உடம்பு தேறுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்கள் நிறை குறைந்த குழந்தையைப் பெறும் வாய்ப்பு மற்றவர்களை விட 16 வீதம் அதிகம். அவர்களிடையே கருக்கலைப்பு இரண்டு மடங்குக்கும் மேல். மனச்சோர்வு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிள்ளை வேண்டும் என்பதற்காகக் குளிகையைப் பறித்தெறியும் கணவன், முடிவில் தன் பிள்ளையின் உயிரோடுதான் விளையாடுகிறான்.

இது எங்கோ நடப்பதல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நம் நாட்டில் நடத்திய ஆய்வில், திருமணமான அல்லது துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதத்தினர் அவரிடமிருந்து உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் ஒரு முறையேனும் அனுபவித்திருந்தனர். ஐந்தில் ஒருவர்! நம் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வீடுகளை ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்.

மார்க்கத்தின் பெயரால்...

நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் தம் கையால் அடித்ததில்லை என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மனைவியை அடித்துவிட்டு அதே நாள் முடிவில் அவளோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்ளும் ஆணை நபியவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களைப் பெண் கேட்டவர்களில் ஒருவர் பெண்களை அடிப்பவர் என்பதை நபியவர்கள் மறைக்காமல் எடுத்துச் சொல்லி, வேறொருவரைக் காட்டிக் கொடுத்தார்கள். நாமோ மாப்பிள்ளையின் கைநீளத்தைத் தெரிந்துகொண்டே "கலியாணம் முடித்தால் திருந்திவிடுவான்" என்கிறோம்.

நிஸா அத்தியாயத்தின் 34 ஆவது வசனத்தைக் கேடயமாகப் பிடிப்போர் உண்டு. மக்காவின் பேரறிஞர் அதாஉ (ரஹ்) அவர்கள், கணவன் கோபத்தைக் காட்டலாமே தவிர அடிக்கக்கூடாது என்றே அதனை விளங்கியிருக்கிறார்கள்.

இனி நான் அரைகுறையாகப் பதில் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே ஸஹாபாக்கள் 'அஸ்ல்' எனும் தற்காலிகத் தடுப்பைச் செய்து வந்ததை ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். மனைவியின் சம்மதமின்றி அதைச் செய்யக்கூடாது என்பது ஹனபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்களின் பரவலான கருத்து. தாய்மையில் அவளுக்கும் உரிமை உண்டு என்பதே காரணம். நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பிரசவ ஆபத்துக்கு அஞ்சித் தடுப்பதைக் குற்றமாகக் காணவில்லை. பகரா அத்தியாயத்தின் 233 ஆவது வசனமோ, குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக் கூட இருவரும் கலந்து பேசி உடன்பட்டுச் செய்யச் சொல்கிறது. பால் மறக்கடிக்கவே மனைவியின் சம்மதம் வேண்டுமென்றால், பிள்ளை சுமக்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

சகோதரிகளே! பொறுமை என்பது உயிரை மாய்த்துக்கொள்வதல்ல. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'மிதுரு பியச' எனும் நட்பு நிலையம் இயங்குகிறது. அங்கே இரகசியமாகப் பேசலாம். மகளிர் உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1938. அவசரத்துக்குப் பொலிஸ் 119. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். உங்கள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். கணவனின் கொடுமையைக் காரணம் காட்டிக் காழி நீதிமன்றத்தில் பஸஹ் கோருவதற்கும் வழியுண்டு.

உம்மாமாரே! அடிபட்டு வாசலுக்கு வரும் மகளை "ஊர் என்ன சொல்லும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

ஆலிம்களே, பள்ளி நிருவாகிகளே! இப்படியான பிணக்கு வந்தால் கணவனை எதிரில் இருத்திக்கொண்டு மனைவியை விசாரிக்காதீர்கள். அவள் உண்மை சொன்னால் வீட்டுக்குப் போனதும் அடி விழும். நம்பகமான ஒரு பெண் மூலம் தனியாகக் கேளுங்கள்.

என்னிடம் இன்றும் அதே கேள்வியோடு ஆண்கள் வருவதுண்டு. "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? வைத்தியர் என்ன சொன்னார்?" என்று கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை. அன்று இதைக் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணை அடிக்க என் வார்த்தை கம்பாகியிருக்காது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! அச்சமில்லாமல் தாய்மையடையும் பாக்கியத்தை நம் பெண்மக்களுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.