மலைப்பாதையில் நின்றுவிட்ட மோட்டார் வண்டி

மும்பையிலிருந்து புனே செல்லும் சாலை கோபோலி வரையில் பெரும்பாலும் சமதரையிலேயே செல்கிறது. அங்கிருந்து போர் கணவாய் தொடங்குகிறது. கண்டாலாவை அடைவதற்குள், சில கிலோமீட்டர் தூரத்தில், வண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். 1830-ஆம் ஆண்டில், சர் ஜான் மால்கம் பம்பாய் கவர்னராக இருந்தபோது, இக்கணவாயில் வண்டிப் பாதை திறக்கப்பட்டது. 1863-இல் இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தது. அதன் ஏற்றம் 37 அடிக்கு 1 அடி. இதனால் கர்ஜத்திலிருந்து மேலே செல்லும் இரயில்களுக்குப் பின்னிருந்து தள்ளுவதற்கென எஞ்சின்களை இணைக்கும் வழக்கம் ஏற்பட்டது. மோட்டார் காருக்கு அத்தகைய துணை கிடையாது. தன் முழு வலிமையையும் காட்டவேண்டிய அவ்விடத்தில்தான் அது அடிக்கடி நின்றுவிடுகிறது.

கோடை நடுப்பகலில், பாரம் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னே, இரண்டாம் கியரில் ஏறும் பழைய கார் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். எஞ்சின் முழு விசையுடன் உழைக்கிறது. வண்டியின் வேகமோ மிகக் குறைவு. ஆதலால் ரேடியேட்டரின் வழியே புகும் காற்றும் குறைவு. வண்டி இரண்டொரு முறை குலுங்குகிறது, பின்னர் நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, எஞ்சின் உயிர்பெறவில்லை. அரைமணி நேரம் கழித்து, எவரும் எதையும் பழுதுபார்க்காத நிலையில், அது தானாகவே ஓடத் தொடங்குகிறது. புனேயின் பட்டறையில் சோதித்தால் குறை எதுவும் அகப்படுவதில்லை. திரும்பும் பயணத்தில் வண்டி மீண்டும் நிற்கிறது.

இதற்குக் காரணம் யாது? ஃபியட், அம்பாசடர் வண்டிகள் சாலைகளில் நிறைந்திருந்த காலத்தில், அநேகமாக எல்லா ஓட்டுநர்களும் கூறிய விடை ஆவியடைப்பு என்பதே. அது பல வேளைகளில் சரியான விடையாகவும் இருந்தது. தண்ணீரைப் போலப் பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. அது பல திரவங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 டிகிரிக்கு அருகிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். அவ்வண்டிகளில் பெட்ரோல் பம்பு எஞ்சினின் உடலிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பின்புறத் தொட்டியிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றியபின் பம்பு எவ்வளவு அடித்தாலும் குமிழிகள் சுருங்கி விரிவதைத் தவிர, பெட்ரோல் முன்னே செல்வதில்லை.

பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றுவது அக்கால ஓட்டுநர்களின் கைவைத்தியம். துணியில் உள்ள நீர் ஆவியாகும்போது பம்பின் உஷ்ணத்தைக் கவர்ந்து செல்கிறது. குமிழிகள் மீண்டும் திரவமாகின்றன. வைத்தியம் நல்லதே. ஆயின் அதனை நோய்க்குச் சான்றாகக் கொள்வதில் ஒரு தவறு உண்டு. துணியைத் தேடி, நீரைக் கொணர்ந்து, சுற்றி முடிப்பதற்குள் இருபது நிமிடம் சென்றுவிடுகிறது. அதற்குள் பம்பு மட்டுமா குளிர்கிறது? எஞ்சின் அறையில் உள்ள அனைத்துமே குளிர்கின்றன.

உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலும் அவற்றுள் ஒன்று. அதனுள் சுற்றப்பட்டுள்ள மெல்லிய கம்பியின் காப்பு பழுதுற்றிருந்தால், சூடேறியபோது மின்சாரம் உள்ளேயே கசிந்து, மின்பொறி தோன்றாமற் போகும். ஆறியபின் மீண்டும் தோன்றும். நோய்க்குறிகள் ஆவியடைப்பைப் போன்றே இருக்கும். காயில் கெட்டிருக்க, பம்பை மாற்றிப் பணத்தை இழந்தவர் பலர். ஆகவே அனுபவமிக்க மெக்கானிக் வண்டி நின்றவுடனேயே, எஞ்சின் சூடாக இருக்கும்போதே, முதலில் மின்பொறி இருக்கிறதா என்று பார்த்தார். பொறி நீல நிறமாக வலுவுடன் பாய்ந்தால் காயில் குற்றமற்றது. பின்னர்தான் பெட்ரோலின்மேல் ஐயங்கொள்ள வேண்டும். இன்றைய எலக்ட்ரானிக் வண்டிகளில் இவ்வாறு கம்பியைக் கையிற் பிடித்துச் சோதித்தல் கூடாது. அவற்றின் மின்னழுத்தம் முப்பதாயிரம் வோல்ட்டையும் தாண்டக்கூடியது.

வண்டி நின்ற விதமும் ஒரு சாட்சி. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் மின்சாரக் குறையையும், தயங்கித் தயங்கி வலிமையிழந்து நின்றால் எரிபொருள் குறையையும் முதலில் கருதலாம். ஸ்டார்ட்டர் வழக்கத்தினும் இலேசாகச் சுழன்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக் கூடும். அப்போது மேலும் சுழற்றினால் வால்வுகளுக்குக் கேடு விளையும். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தபின் நின்ற எஞ்சினையும் மீண்டும் முடுக்கலாகாது.

இச்சோதனைகளுக்கெல்லாம் முற்பட்டது, வண்டியை ஓரத்திற்குக் கொணர்தல். பெரும்பாலான கார்களில் பிரேக்கின் துணைவிசை எஞ்சினாலேயே உண்டாகிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதிப்புகளுக்கே அத்துணை கிட்டும். பின்னர் பெடல் கல்லாகிவிடும். பல வண்டிகளில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். எனவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துதல் வேண்டும். ரேடியேட்டரின் மூடி மற்றோர் அபாயம். கண்டாலாவின் உயரத்தில் நீர் ஏறக்குறைய 98 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் அழுத்தமே அதனைக் கொதியாமல் காத்து நிற்கிறது. சூட்டில் மூடியைத் திறந்தால் அந்நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பீறிடும்.

இன்றைய கார்களில் பம்பு தொட்டியினுள்ளேயே அமைந்து, எரிபொருளை உறிஞ்சாமல் அழுத்தித் தள்ளுகிறது. பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் அவ்வழுத்தம் 3 பார் அளவினது. எனவே ஆவியடைப்பு அருகிவிட்டது. ஆயினும் சூட்டில் நின்று, ஆறியபின் ஓடும் நோய் மறைந்துவிடவில்லை. அது கிராங்க் சென்சார் என்னும் சிறு உறுப்பிற்குக் குடிபெயர்ந்துள்ளது. கிராங்க் தண்டின் நிலையைக் கணிப்பொறிக்கு அறிவிப்பது இதன் பணி. இதன் செய்தி நின்றால், கணிப்பொறி பெட்ரோலையும் மின்பொறியையும் ஒருங்கே நிறுத்திவிடும். ஸ்டார்ட்டர் சுழலும்போது சுழற்சி காட்டும் முள் சற்றும் அசையாதிருப்பது, பல வண்டிகளில் இதற்கோர் அறிகுறி.

வண்டியின் தற்சோதனை அமைப்பு இக்குறையைப் பி0335 என்னும் குறியீட்டால் பதிவு செய்கிறது. அக்குறியீடு சுற்றில் கோளாறு என்று கூறுமேயன்றி, சென்சார் கெட்டதா, கம்பி உராய்ந்ததா, இணைப்பு தளர்ந்ததா என்று கூறாது. ஆறிய வண்டியைப் பட்டறையில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் குறை வெளிப்படாமலே போகலாம். மலையேற்றத்தின் சூட்டை அங்கேயே உண்டாக்க வேண்டும். 1966-இல் புனேயில் நிறுவப்பட்ட இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிலையங்களில், வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டி, சாலையின் சுமையை அறைக்குள்ளேயே ஏற்படுத்துகின்றனர். சாலையோரப் பட்டறையில் அத்தகைய வசதி ஏது? அங்கே மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, தலைமயிர் உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றைச் சென்சாரின்மேல் மட்டும் செலுத்துகிறார். சில நிமிடங்களில் எஞ்சின் நின்றுவிடுகிறது. சென்சாரைக் குளிர்வித்ததும் மீண்டும் ஓடுகிறது. இன்னொரு முறையும் அவ்வாறே செய்து பார்த்த பின்னரே அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கிறார்.