தனியாகப் போரிடுவதா, கூட்டத்தோடு சேர்வதா? 'ஃபேன்டசி' வீடியோ கேம் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: வாளும் மந்திரமும் டிராகன்களும் நிறைந்த கற்பனை உலகில் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் 'ரோல் பிளேயிங்' வகை வீடியோ கேம்கள் இரு பெரும் பிரிவுகளாக உள்ளன. 'தி விட்சர் 3', 'ஸ்கைரிம்' போன்றவை ஒருவர் தனியாக ஆடும் 'சிங்கிள் பிளேயர்' விளையாட்டுகள். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்', 'ஃபைனல் ஃபேன்டசி 14' போன்றவை ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் உலவும் 'ஆன்லைன் மல்டிபிளேயர்' விளையாட்டுகள். எதை வாங்குவது என்பது வெறும் ரசனை சார்ந்த கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஆடுபவரின் மாலை நேரம், வீட்டின் மாதச் செலவு, வாங்கிய பொருள் பத்து ஆண்டுகள் கழித்தும் கையில் இருக்குமா என்பது ஆகிய மூன்றும் அந்தத் தேர்வையே சார்ந்துள்ளன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இந்தியாவில் 'ஃபேன்டசி' என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கிரிக்கெட் வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் 'ஃபேன்டசி ஸ்போர்ட்ஸ்' செயலிகள்தான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பரிசுப் பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் தடை செய்தது. பந்தயமாகவோ பணயமாகவோ இல்லாத வரையில், சந்தா அல்லது ஒருமுறைக் கட்டணம் செலுத்திப் பொழுதுபோக்கிற்காக ஆடும் விளையாட்டுகளை அச்சட்டம் அனுமதிக்கிறது.

நிறுத்த முடியுமா, முடியாதா?

இரு வகைகளுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு ஒரு பொத்தானில் அடங்கியுள்ளது. தனிநபர் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை எந்த நொடியிலும் நிறுத்தி வைக்கலாம். 'தி விட்சர் 3' விளையாட்டின் நாயகன் கெரால்ட், அரக்கனின் முன்னால் வாளை ஓங்கிய நிலையிலேயே காத்திருப்பான். பொதுத்தேர்வு முடிந்து மூன்று மாதங்கள் கழித்து வந்தாலும், சேமித்து வைத்த இடத்திலிருந்து கதை தொடரும். 2011 நவம்பரில் வெளியான 'ஸ்கைரிம்' இன்றும் பலரால் ஆடப்படுவதற்கு, அது ஆடுபவரை அவசரப்படுத்துவதில்லை என்பதும் ஒரு காரணம்.

பலர் கூடும் இணைய உலகில் அந்தப் பொத்தான் இல்லை. 'ஃபைனல் ஃபேன்டசி 14' விளையாட்டின் பெரிய போர்களில் எட்டுப் பேர் ஓரணியாக இறங்குவர். எதிரியின் அடியைத் தாங்கிக்கொள்ள இருவர், காயமடைந்தோரைக் குணப்படுத்த இருவர், தாக்குதல் நடத்த நால்வர் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும். குணப்படுத்தும் இருவரில் ஒருவர் நடுவில் எழுந்து போனால் மற்ற ஏழு பேரின் உழைப்பும் வீணாகலாம். இடையில் வெளியேறுபவருக்குச் சிறிது நேரம் மீண்டும் சேர முடியாதபடி தண்டனை விதிக்கும் விளையாட்டுகளும் உண்டு.

பல வீடுகளில் "சாப்பிட வா" என்ற அழைப்பு சண்டையில் முடிவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். பெற்றோர் அதைப் பிடிவாதம் என்று எண்ணுகின்றனர். பிள்ளையோ முகம் தெரியாத ஏழு பேருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கிறான். "எப்போது நிறுத்துவாய்?" என்று நடுவில் கேட்பதைவிட, "ஒரு சுற்று எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று தொடங்கும் முன்பே கேட்பது பயன் தரும்.

தனியாக ஆடுவதிலும் ஒருவர் மூழ்கிப் போகலாம் என்பது உண்மையே. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது ஆடும் மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யப்படுவதில்லை. கட்டுப்பாட்டை இழந்து, படிப்பும் வேலையும் உறவுகளும் பாதிக்கப்பட்ட நிலை, பொதுவாகக் குறைந்தது 12 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். இத்தகையோருக்காகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் 'ஷட்' என்ற தனிச் சிகிச்சைப் பிரிவை நடத்தி வருகிறது.

கூட்டத்தின் மதிப்பு

எனினும் இணைய விளையாட்டுகளை நேரக்கொல்லிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் முடங்கிய நார்வே நாட்டு இளைஞர் ஒருவர், தமது வாழ்வின் பெரும்பகுதியை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' உலகில் கழித்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் வருந்தினர். 2014-ல் தமது 25-வது வயதில் அவர் இறந்த செய்தியை இணையத்தில் வெளியிட்டபோது, முன்பின் அறியாதவர்களிடமிருந்து இரங்கல் கடிதங்கள் வந்து குவிந்தன. அவரோடு ஆடிய நண்பர்கள் சிலர் வெளிநாடுகளிலிருந்து இறுதிச் சடங்கிற்கும் வந்தனர். அவரது வாழ்க்கையைச் சொல்லும் 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' ஆவணப்படம் 2024-ல் வெளியானது. எவ்வளவு சிறந்த தனிநபர் விளையாட்டாலும் இத்தகைய உறவைத் தர இயலாது. கல்லூரி முடித்து ஆளுக்கொரு நகரமாகப் பிரிந்த நண்பர்களுக்கு, வாரம் ஒருமுறை கூடும் திண்ணையாகவும் இவ்விளையாட்டுகள் அமைகின்றன. அதே திண்ணையில் வசை பேசும் அந்நியர்களும் இருப்பர் என்பதால், சிறுவர்கள் ஆடும்போது குரல் உரையாடலை அணைத்து வைப்பது பாதுகாப்பானது.

'இலவசம்' என்பதன் கணக்கு

தனிநபர் விளையாட்டுகளில் செலவு பெரும்பாலும் ஒருமுறைதான். 2023 ஆகஸ்டில் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டிற்குள் பொருள் விற்கும் கடையே கிடையாது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதச் சந்தா முறையில் இயங்குகிறது. தொகை முன்கூட்டியே தெரிவதால் இதிலும் பெரிய ஆபத்தில்லை.

எச்சரிக்கை தேவைப்படுவது இலவச விளையாட்டுகளில்தான். 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டைப் பதிவிறக்கக் கட்டணமில்லை. ஆனால் அதன் அரிய கதாபாத்திரங்கள் குலுக்கல் முறையில் கிடைக்கின்றன. ஒரு குலுக்கலில் உயர்தரப் பரிசு விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 167-ல் ஒன்று. 90 குலுக்கல்களுக்குள் உயர்தரப் பரிசு உறுதி என்றாலும், அது விரும்பிய கதாபாத்திரமாகவே இருக்கும் என்ற உறுதி முதல் முறை இல்லை. மோசமான நிலையில் 180 குலுக்கல்கள் வரை தேவைப்படலாம். அதற்கான மணிகளை ஆடியும் சேர்க்கலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம். பொறுமை இழப்பவர் பணம் கொடுக்கிறார். இந்தக் குலுக்கல் தொடர்பான வழக்கில் அந்நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் ஒப்புதலின்றி 16 வயதுக்குட்பட்டோருக்குக் குலுக்கல் பெட்டிகளை விற்பதை நிறுத்தவும் ஒப்புக்கொண்டதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது. பெல்ஜியம் 2018-லேயே பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமாகக் கருதி நடவடிக்கை எடுத்தது.

கடல் தாண்டும் தகவல்

இந்திய ஆட்டக்காரர்களுக்குத் தொலைவும் ஒரு சிக்கல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. டெல்லியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர். நேர்கோட்டில் கேபிள் இருந்தால்கூட, ஒரு கட்டளை போய்த் திரும்ப 41 மில்லி நொடிகள் ஆகும். கேபிள்கள் வளைந்து செல்வதாலும், வழியில் பல இடங்களில் தகவல் கைமாறுவதாலும் 'பிங்' எனப்படும் தாமதம் மேலும் கூடும். 'ஃபைனல் ஃபேன்டசி 14' விளையாட்டின் சர்வர் மையங்கள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா பகுதிகளிலேயே உள்ளன. மாதக் கடைசியில் மொபைல் டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவரும், அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊரில் இருப்பவரும் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாங்கியது யாருக்குச் சொந்தம்?

தனியாக ஆடுவதாலேயே இணையம் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2012 மே மாதம் 'டயப்லோ 3' வெளியான நாளில் சர்வர்கள் நெரிசலில் திணறியதால், தனியாக ஆட விரும்பியவர்களும் உள்ளே நுழைய முடியாமல் 'எரர் 37' என்ற அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தனர். 2023-ல் வந்த 'டயப்லோ 4' விளையாட்டிற்கும் இணைய இணைப்பு கட்டாயம். ஆகவே, வாங்கும் பக்கத்தில் 'சிங்கிள் பிளேயர்' என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடாமல், எப்போதும் இணைய இணைப்பு தேவையா என்பதையும் பார்க்க வேண்டும்.

சர்வர் மூடப்பட்டால் விளையாட்டும் மறையும். 2012 நவம்பரில் 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' மூடப்பட்டபோது, எட்டு ஆண்டுகளாக வளர்த்த கதாபாத்திரங்களை ஆட்டக்காரர்கள் இழந்தனர். இந்தியாவில் வேறு வகை விளையாட்டான 'பப்ஜி மொபைல்' 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டு, அக்டோபர் 30-ம் தேதியுடன் அதன் சேவை நின்றது. டிஜிட்டல் பொருளை விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பூட்டு எதுவுமின்றித் தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளும் வகையில் விற்கும் 'ஜிஓஜி' போன்ற தளங்களில் வாங்கிய தனிநபர் விளையாட்டுகளுக்கு இந்த அச்சம் குறைவு.

இடைவழி உண்டு

கதையும் வேண்டும், துணையும் வேண்டும் என்போர் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டை நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். 'எல்டன் ரிங்' விளையாட்டில் கடினமான எதிரியிடம் மட்டும் இணையம் வழியே உதவிக்கு ஆள் அழைத்துவிட்டு, மற்ற நேரங்களில் தனியாக உலவலாம். பிளஸ் டூ மாணவருக்கும், பணி நேரம் மாறிக்கொண்டே இருப்பவருக்கும் தனிநபர் விளையாட்டே பொருத்தமானது. மாலையில் நிலையான இரண்டு மணி நேரமும், சேர்ந்து ஆட நான்கு நண்பர்களும் உள்ளவர் இணைய உலகிற்குத் தயங்காமல் செல்லலாம்.

முடிவெடுக்க இயலாதவர்கள் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. 'ஃபைனல் ஃபேன்டசி 14' விளையாட்டை 70-வது நிலை வரை கால வரம்பின்றி இலவசமாக ஆடலாம். 'ஸ்டீம்' தளத்தில் வாங்கியது பிடிக்கவில்லை என்றால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கோரலாம். பதிவிறக்கம் செய்யும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் நாயகனின் மூக்கையும் தாடியையும் வடிவமைத்துக்கொண்டிருக்கும் நேரம் சேரும்.