காட்டுப்பூனையும் கரும்புத் தோட்டமும்

குடியானவர்களுக்கு உபகாரம் செய்தும் அவர்களாலேயே பகையென்று கருதப்படும் பிராணிகளுள் காட்டுப்பூனை ஒன்றாகும். பெயருக்கு மாறாக, அடர்ந்த காட்டில் இது அதிகம் வசிப்பதில்லை. ஏரியோரத்து நாணல், முட்புதர், தரிசு, கரும்புத் தோட்டம் ஆகியவையே இதற்கு உகந்த இடங்கள்.

அடையாளம்: வீட்டுப்பூனையினும் சற்றுப் பெரியது, எடை சுமார் 5 கிலோ. கால்கள் நீண்டும் வால் குட்டையாயும் இருக்கும். மேனி மணல் நிறம். வால் நுனியில் கறுப்பு வளையங்களும் காது நுனியில் சிறு மயிர்க்குஞ்சமும் உண்டு. இது தனித்துத் திரிவது. விடியற்காலையிலும் அந்தியிலும் செவியால் இரையின் இருப்பிடத்தை அறிந்து, பதுங்கிப் பாய்ந்து பிடிக்கும்.

ஆகாரம்: பறவை, ஓணான், தவளை முதலியவற்றையும் தின்னுமாயினும் எலியே இதன் பிரதான உணவு. ராஜஸ்தானத்துச் சரிஸ்கா வனத்தில் நடத்தப்பெற்று 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகளைத் தின்னுமென மதிப்பிட்டது. குறைந்த கணக்கிலும் வருஷத்திற்கு ஆயிரத்துக்கு மேலாகிறது. நெற்கதிரை அறுத்து வளையில் சேர்க்கும் வரப்பெலியால் நஷ்டமடைவோர் இக்கணக்கை நன்குணர்வர்.

கோழிக்குக் காப்பு: சில சமயம் இது கோழியைக் கவர்வதும் உண்மையே. அந்தி சாயுமுன் கோழிகளை அடைத்து, கூண்டின் சந்துகளை நெருக்கமான கம்பிவலையால் மூடுவதே தக்க பரிகாரம். விஷம் வைத்தால் பூனை மடியும், எலி பெருகும். எலிக்கு வைத்த விஷமும், அந்த எலியைத் தின்னும் பூனையைக் கொல்லக்கூடும். தவிரவும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைக் கொல்வது குற்றமாகும்.

குட்டிகள்: சுமார் இரண்டு மாத கர்ப்பத்திற்குப்பின், காய்ந்த சோகையிலும் புல்லிலும் பெரும்பாலும் மூன்று குட்டிகள் ஈனும். குட்டிகளின் மேல் வரியும் புள்ளியும் இருப்பதால், கரும்பு வெட்டுவோர் சிறுத்தைக் குட்டியென மயங்கி எடுத்துச் செல்வதுண்டு. இதனால் அவை தாயை இழக்கின்றன. அவற்றைத் தொடாமல், அவ்விடத்தை அன்று வெட்டாது விட்டு விலகினால், தாய் பெரும்பாலும் இரவில் வந்து கவ்விச் செல்லும். ஐயமிருப்பின் வனத்துறையினருக்கு அறிவிப்பதே முறை.

ஒருவர் வைக்கும் விஷம் அடுத்த வயலின் காவலையும் அழிக்கும். ஆதலால் இது ஒருவர் காரியமன்று. கரும்பு வெட்டு தொடங்குமுன் சங்க அங்கத்தினர்கள் கூடி, இவற்றைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்வது நலம்.